ஒரே இடத்தில் சுற்றும் கப்பல்

என்னைக் கட்டின மாமாவுக்கு, ஒகேனக்கல் பரிசல் துறையில் பேர் சொன்னாலே தெரிகிற மாதையன் மாமாவுக்கு, உங்கள் பச்சையம்மா எழுதுவது.

வருகிற வைகாசி வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே தினமும் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்தச் சேதியைப் பேசினால் மட்டும் போதாது, எழுதி வைக்க வேண்டும் என்று பட்டது. உங்கள் வருஷ நினைவுக்கு நம் பெண் சுகன்யா ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறாள். அதில் வரட்டும், நாலு பேர் படிக்கட்டும். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்வாள்.

மாமா, நான் கப்பல் ஏறப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான். நார்வே என்று ஒரு நாடு. உலகப் படத்தில் மேலே, தலைமாட்டில் இருக்கிறது. அங்கே கடல், மலைக்கு நடுவே சந்து சந்தாக உள்ளே புகுந்து வந்திருக்கிறதாம். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, பாறை மேலிருந்து அருவி. சுகன்யா படம் அனுப்பியபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது நம்ம பெரிய அருவிக்குப் போற பாறைச் சந்துதானே கண்ணு, யாரோ ஊதிப் பெருசாக்கி வெச்சிருக்காங்க" என்றேன்.

அவள் ஜெர்மனியில் ஆஸ்பத்திரி நர்ஸாகப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் பெரிய லீவு இப்போதுதான் கிடைக்கிறது. ஊருக்கு வா என்று கூப்பிட்டேன். அதற்கு அவள், "திதிக்கு வரேம்மா. முடிச்சுட்டு என்னோட நீயும் கிளம்பு. அப்பா காட்டாததை நான் காட்டுறேன்" என்றாள்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் காட்டாமல் இல்லையே. நான்தானே பார்க்க வரவில்லை?

இதை இன்றைக்கு எல்லாரும் படிக்கிற மாதிரி ஒத்துக்கொள்கிறேன். எத்தனை தடவை என் மீன் வறுவல் கடை வாசலில் வந்து நின்று, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "ஒரு நாள் கடையை மூடு புள்ள. உன்னைய உக்கார வெச்சு அருவிகிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். கூட்டம் இருக்கிற நாளில் கடையை மூட எனக்கு மனசு வரவில்லை. கூட்டம் இல்லாத நாளில் ஆற்றில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டிருப்பார்கள். அரிசி மூட்டையோடும் கேஸ் சிலிண்டரோடும் உங்கள் பரிசலில் அக்கரைக்குப் போயிருக்கிறேன். பார்க்க வந்தவளாக ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அருவிக்கு அவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும், கிட்டப் போய் அது எப்படி இருக்கும் என்பது எனக்கு மீன் தின்ன வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அவர்கள் சொன்னதில் உங்களைப் பற்றித்தான் அதிகம். "அந்த மீசைக்காரரு பரிசலை ஒரே எடத்துல வெச்சு பம்பரமாச் சுத்திட்டாருங்க, இன்னும் தலை நிக்கல" என்பார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். அவர் என் வூட்டுக்காரர் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கெளுத்தி மீன் ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

எதற்காக அப்படிச் சுற்றுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். மற்றவர்கள் வேடிக்கைக்குச் சுற்றுவார்கள். நீங்கள் சொன்னது வேறு. "பரிசல் வட்டம் புள்ள. எப்படி உக்கார வெச்சாலும் ஒருத்தன் அருவிக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும். அவனும் பாக்க வந்தவன்தானே" என்றீர்கள்.

அந்தப் பேச்சுதான் இப்போது எனக்குக் கப்பல் தேடிக் கொடுத்தது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் உங்கள் தம்பி சின்னமாதுவிடம் சொன்னேன். நீங்கள் போன பிறகு உங்கள் பரிசலை அவர்தான் ஓட்டுகிறார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருசம் திரும்பாம மலை ஏறக்கூடாது, கடல் தாண்டக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா அண்ணி?" என்றார். "திதி முடிஞ்சு ஆனியிலதான் தம்பி கப்பல்" என்றேன். அதற்கும் அவர் முகம் தெளியவில்லை. "ஊரு என்னா பேசும்? அண்ணன் போன கையோட அண்ணி கப்பல்ல சுத்தப் போயிட்டாங்கன்னு பேசாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் பேசுவது கிடக்கட்டும். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்றுதான் யோசித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்கு நடுவில் பாஸ்போர்ட் வேலை. தருமபுரிக்குப் போய்க் கைரேகை வைத்து, போட்டோ பிடித்து வந்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் நம் வாசலில் நின்று, "எந்த நாட்டுக்கும்மா வேலைக்குப் போறீங்க? வூட்டு வேலையா?" என்று கேட்டார்.

"வேலைக்கு இல்லீங்க. பாக்கப் போறேன்."

"பாக்கன்னா, பேரக்குழந்தையவா?"

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க. மலை, தண்ணி, அருவி. சும்மா பாக்கத்தான்."

"ஒகேனக்கல்ல இருந்துக்கிட்டு அருவி பாக்க நார்வேக்கா" என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை மாமா. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் பஸ் ஏறி வந்து, சும்மா பார்த்துவிட்டு, நான் வறுத்துக் கொடுத்ததைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்களை நாம் என்றைக்காவது ஏன் வந்தீர்கள் என்று கேட்டோமா? "சும்மா பாக்கத்தான்" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

பிறகு கப்பல். எது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று சுகன்யா ஒரே பிடிவாதம். "நீதான்மா பாக்கப் போறவ, நீதான் சொல்லணும்" என்று போனில் படம் படமாக அனுப்பினாள். அவளுக்குப் பிடித்தது ஒரு பெரிய கப்பல். மாடி மேல் மாடி. மேலே நீச்சல் குளம், உள்ளே ஆட்டம் பாட்டம்.

"அடுக்குமாடி வூட்டைத் தண்ணியில தள்ளி வுட்ட மாதிரி இருக்குது கண்ணு. சுத்தித் தண்ணி, நடுவுல குளிக்க ஒரு குளமா?"

"அதுல சோறு, பருப்பு எல்லாம் கிடைக்கும்மா. உனக்கு வசதி."

"சோத்துக்கா போறேன்? இவ்ளோ பெருசு சந்துக்குள்ள பூந்து போகுமா?"

"சில எடத்துல வெளியவே நிறுத்திட்டு, சின்னப் படகுல கூட்டிட்டுப் போவாங்க."

"அப்ப அந்தச் சின்னப் படகுக்காரன்தான் எனக்கு வேணும்."

எந்த மாதத்தில் அருவி நன்றாக விழும் என்று கேட்டேன். பனி உருகி வருகிற தண்ணீராம். வைகாசி, ஆனியில் நிறைந்து விழும், ஆவணிக்கு மெலிந்துவிடும் என்றாள். "தண்ணி நெறைஞ்சா கப்பலுக்குத் தடை போடுவாங்களா?" என்று கேட்டேன். அதை அவள் அப்படியே டிக்கெட் போடுகிற பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அருவி அதிகமாக விழுகிறது என்று கப்பலை நிறுத்தினதாக அந்தப் பெண் கேள்விப்பட்டதே இல்லையாம். எவ்வளவு கொடுத்து வைத்த ஊர் பாருங்கள். நிறைந்த தண்ணீரும் உண்டு, போக வழியும் உண்டு. ஆனி மாதம் என்று முடிவாயிற்று. அங்கே ஆனியில் சூரியன் விழவே விழாதாம். அப்படியானால் சாமிக்கு விளக்கு எப்போது வைப்பார்கள் என்று கேட்டேன்.

அடுத்து அறை. "இடது பக்கமாம்மா, வலது பக்கமா? ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தா உனக்குத் தேவலாம்?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "எந்தப் பக்கமா இருந்தா என்னா கண்ணு? ஜன்னலே இல்லைன்னாலும் பரவால்ல, மேல வந்து நின்னுக்கறேன். எப்படியும் சுத்திக் காட்டுவாங்கல்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "கப்பலை யாரும் சுத்த மாட்டாங்கம்மா. அது நேராப் போயி நேரா வரும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டுகிறவர் என்றால் எல்லாருக்கும் திருப்பிக் காட்டுவது அவர் கடமை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது ஊர் வழக்கம் இல்லை, உங்கள் ஒருவருடைய வழக்கம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. "அப்ப அந்தப் பக்கம் இருக்கறவங்க?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் என்ன தெரியுதோ அதைப் பாத்துக்க வேண்டியதுதான்" என்றாள். போனை வைத்துவிட்டேன். போகவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கினாள். "அம்மா, ஒரு கப்பல் சுத்துதும்மா."

வீடியோ அனுப்பினாள். அது ஆடம்பரக் கப்பல் இல்லை. நம் பென்னாகரம் பஸ் மாதிரி, கரையோரம் முப்பது ஊருக்கு மேல் நின்று நின்று, சாமானையும் அந்த ஊர் ஜனங்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டு போகிற கப்பல். போக வரப் பன்னிரண்டு நாள். வழியில் ஓர் இடத்தில், வேண்டும் என்றே ஒரு குறுகலான சந்துக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் மலை, கை நீட்டினால் தொடலாம் போல. முடிவில் வழி இல்லை. அங்கே நின்று, நின்ற இடத்திலேயே, மெதுவாக, முழு வட்டம் போடுகிறது. மேல்தளத்தில் நிற்கிற ஜனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மலைதான் அவர்களைச் சுற்றி வருகிற மாதிரி இருக்கிறது.

நான் அதை மூன்று தடவை பார்த்தேன். கல்லில் மீன் தீய்ந்து போயிற்று.

போனை எடுத்துக்கொண்டு நேராகத் துறைக்குப் போய்ச் சின்னமாதுவிடம் காட்டினேன். பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் சுற்ற ஆரம்பித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டார்.

"தள்ளுற துடுப்பை எங்க அண்ணி வெச்சிருக்கான்?"

"அடியில பக்கவாட்டுல விசிறி இருக்குதாம் தம்பி. அது தள்ளுதாம். சுகன்யா சொன்னா."

"அப்ப மிஷினு." முகத்தில் ஒரு நிம்மதி. "மிஷினை வெச்சுக்கிட்டு யாரு வேணாலும் சுத்தலாம். அண்ணன் ஒத்தத் துடுப்புல சுத்துச்சு. அதும் இழுக்குற தண்ணியில." மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சுத்துறது மட்டும் சுத்தமாத்தான் இருக்குது. அதே மாதிரி பொறுமையாத் திருப்புறான்" என்றார். உங்கள் தம்பி வேறு ஒருவரை மெச்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது கூப்பிட்டார். "அண்ணி. திதி முடிஞ்சதும் போயிட்டு வாங்க. எவனாச்சும் பேசுனா நான் பாத்துக்கறேன்."

இன்றைக்கு டிக்கெட் போட்டாயிற்று மாமா. சுகன்யா எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறாள், காலுக்கு உறையும் பூட்ஸும். பூட்ஸ் போட்டுக்கொண்டு பரிசல் துறைப் படியில் நான் இறங்கி வந்தால், நீங்கள் என்னை யார் வூட்டுச் சீமாட்டி என்று கேட்டிருப்பீர்கள். ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் என்னை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள்.

நம் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதிக் கொண்டுவந்தாள். நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அடித்துவிட்டேன். டிக்கெட்டுக்கு நம் பெயர்களைக் கொடுக்கும்போது அங்கே ஏன் இந்தக் கப்பல் என்று கேட்டார்களாம். "எங்கப்பா படகோட்டி. அவர் இப்படித்தான் திருப்பிக் காட்டுவார்" என்று சொன்னாளாம். உங்கள் காதில் விழுந்திருக்குமா? அவ்வளவு தூரத்தில், அந்த ஊர்ப் பேச்சில் சொன்னாளாம்.

கடைக்கு இப்போதே பலகை எழுதி வாங்கிவிட்டேன். ஆனி மாதம் கடை விடுமுறை. நீங்கள் கேட்டது ஒரு நாள். நான் மூடுவது பன்னிரண்டு நாளுக்கும் மேல். தாமதம்தான். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கப்பல் அந்தச் சந்துக்குள் நுழையும்போது எல்லாரும் முன்பக்கம் ஓடுவார்களாம். நான் ஓட மாட்டேன். மேல்தளத்தில், எதிரே வருகிற மலைக்கு முதுகு காட்டித்தான் நிற்பேன். எனக்கும் திருப்பிக் காட்டுகிறார்களா என்று பார்க்கிறேன். அந்த ஆள் உங்களைவிட நன்றாகத் திருப்பினால், வந்து அப்படியே சொல்கிறேன். பொய் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பரிசலில் இன்னும் ஓர் இடம் பாக்கி வைத்திருக்கிற
உங்கள் வூட்டுக்காரி,
சுகன்யா அம்மா பச்சையம்மா