தாய்க் கோப்பில் உன் பெயர்

இன்று காலை உன் வீட்டு அடுக்களையில் உன் கைபேசி கூவியது, மாப்ளே. அந்தக் கூவலில் பேகம்பூர்ப் புறாக்கள் மொத்தமும் பறந்து குஜிலியம்பாறையில் போய் இறங்கியிருக்கும்.

உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி, அதில் வந்த மின்னஞ்சலை நீட்டினாள். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றிலிருந்து உனக்கு வசவு. நம் பில் மென்பொருளில் தக்காளி எடை தப்பாக விழுகிறதாம்.

"மவுத்தான மனுசனுக்கும் இம்புட்டுத் திட்டு வருமாண்ணே? 'அவங்க இப்ப இல்லை'ன்னு எத்தன பேருக்கு நான் பதில் போட?"

அந்த மென்பொருளின் எடைத் திட்டத்தை எழுதியது வேறொருத்தி, நீ போன பிறகு. ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நம் தாய்க் கோப்பில், உருவாக்கியவர் என்ற இடத்தில், உன் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றன. எழுதியவர் யாரென்று தானே சொல்லாத பிள்ளைத் திட்டம் ஒவ்வொன்றும் அதையே எடுத்துத் தன் உதவிப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது.

நீ அன்றே சொன்னாய், என் பரோட்டாவில் பாதியைப் பறித்தபடி: "ஏலே, அப்பன் பேரு தானா வந்துரும்னு சும்மா இருக்குற புள்ளைய நம்பாத." அப்போது எழுத நாம் இருவர்தான். சிரித்துவிட்டு எழுந்தோம்.

ஆபீசில் மேனேஜர் தம்பி சுருக்குவழி சொன்னார்: "தாய்க் கோப்புல ஒரே எடம் சார். அழிச்சா எல்லாத்துலயும் போயிரும்."

"அவன் கட்டுனதுலயும் போயிருமே தம்பி! கொசு கடிக்குதுன்னு மலைக்கோட்டைய இடிப்பீங்களோ?"

பிள்ளைத் திட்டம் எழுதியவர் பெயரைத் தானே சொல்லிவிட்டால் தாயிலுள்ள பெயர் உள்ளே வராது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக் கோப்பையும் திறந்தேன். நீ கட்டியவற்றில் உன் பெயரை அங்கேயே எழுதி, உன் மின்னஞ்சலுக்குப் பதில் ஆபீஸ் முகவரியைச் சேர்த்தேன். எடைத் திட்டத்தை எழுதிய பெண் மேசைக்கடியில் ஒளியாத குறை.

"மாமா, என் பேரப் போட்டா என்னையத்தானே திட்டுவாங்க?"

"அதுக்குத்தாம்மா போடுறோம்! திட்டு வாங்காத பேரு ரேசன் கார்டுல மட்டுந்தான் இருக்கும்."

முறைத்துவிட்டு, தன் பெயரைத் தானே தட்டினாள்.

எழுதியவர் வேலையை விட்டுப்போன திட்டங்களுக்கு என் பெயரை இட்டேன். ஒரே நாளில் இத்தனை பிள்ளைகளுக்கு அப்பனானவன் புராணத்திலும் இல்லை. கடைசியாகத்தான் தாய்க் கோப்பில் உன் இடத்தைக் காலியாக்கினேன்.

மாலையே கீரனூர்க் கடைக்காரர் என்னைப் பிடித்துவிட்டார். "ஏனுங்க, இதுல இருக்கற பேரு உங்களுதுங்களா? பில்லே அச்சாக மாட்டேங்குதுங்க!"

அது நான் எழுதியதல்ல என்று சொல்ல வாய் திறந்தேன். வசவு வந்தால் நீ முதலில் சொல்வது ஒரே சொல், காரணமெல்லாம் பிறகுதான்.

"வாரேன்" என்றேன்.

அந்தச் சொல் தானாக வந்து ஒட்டியதல்ல, மாப்ளே. உன்னிடமிருந்து நானே எடுத்துக்கொண்டது.