லோக்வோர் என்னும் வினை

மார்கழி 14
தாராவிப் பொங்கல் விழாவில் சொற்போர். தலைப்பு: ‘இலத்தீன் ஏன் மாண்டது?’ அறியாத மொழியைப் பழிப்பது கோழையின் வேலை. ஆகவே மகள் கீதாவிடம் பாடம் கேட்கிறேன். வடாலாவில் ஒரு பாதிரியாரிடம் இலத்தீன் பயில்கிறாள். தமிழைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

மார்கழி 17
இன்றைய பாடம் ‘லோக்வோர்’ என்னும் வினை. ஈறு செயப்பாட்டுவினைக்குரியது. ‘பேசப்படுகிறேன்’ என்று பொருள் எழுதினேன். சிரித்துவிட்டாள்.

“தப்புப்பா. ‘நான் பேசுறேன்’னுதான் அர்த்தம். ஃபார்ம் மட்டும்தான் அப்படி.”

“அப்படியானால் இலக்கணம் பொய்யா?”

“இல்லப்பா. அமோன்னா நேசிக்கிறேன், அமோர்னா நேசிக்கப்படுறேன். ரெண்டும் இருக்கு. ஆனா லோக்வோன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.”

மார்கழி 18
விளங்கிவிட்டது. செய்வினை வடிவைக் களைந்துவிட்டு, செயப்பாட்டு வடிவில் நின்றபடி செய்வினைப் பொருளே தரும் வினை. சாதல், துயருறுதல், பின்தொடர்தல் — அவையும் இவ்வகையே. அழகுதான். அழகுக்கு எவன் கைதட்டுவான்?

தை 3
வென்றேன்.

“இலத்தீன்காரன் பேசமாட்டான், பேசப்படுவான்! தன் வாயையே பிறனிடம் ஒப்படைத்த மொழி வாழுமா?” அரங்கு அதிர்ந்தது. வழக்கம்போல் என் குடும்பம் முதல் வரிசையில். “ஐயமிருந்தால் என் மகளையே கேளுங்கள்!” என்று ஒலிவாங்கியை நீட்டினேன். தலையசைப்பாள் என்றுதானே எண்ணினேன்?

“இல்ல... ‘பேசுறேன்’தான் அர்த்தம். அப்பாவுக்கே தெரியும்.”

விடுவேனா? “பெண்ணே, முதலில் ‘தமிழ்’ என்று சொல்.”

“தமில்.”

“ஏளா, இன்னொருக்கா!” என்று எவனோ கத்தினான். நானும் சொல்லச் சொன்னேன். மறுபடியும். மறுபடியும். சீழ்க்கை, சிரிப்பு. எனக்குப் பொன்னாடை.

வீட்டில் மனைவி சொர்ணம்: “பெத்த பிள்ளைய இப்படியா அசிங்கப்படுத்துவிய?”

அவையில் உறவு பார்ப்பவன் பேச்சாளன் அல்லன்.

தை 4
கீதா என்னிடம் இந்தியில் மட்டும் பேசுகிறாள். வீம்பு. தணியும்.

தை 11
தணியவில்லை. இன்று என்னை நோக்கியும் பேசவில்லை. “மம்மி, பாப்பா கோ போலோ, கானா தையார் ஹை.” “சாப்பாடு தயாராம்” என்று சொர்ணம் அதைத் தமிழில் சொல்கிறாள். என் வீட்டில், எனக்கு மொழிபெயர்ப்பு!

தை 26
செம்பூரில் கூட்டம். தமிழர் இல்லந்தோறும் தமிழே ஒலிக்க வேண்டுமென்று முழங்கினேன். நல்ல கைதட்டல்.

மாசி 9
சொர்ணம் கடைக்குப் போயிருந்தாள். நானும் கீதாவும் மட்டும்.

“தண்ணீர் கொடு” என்றேன். அவள் அசையவில்லை. மீண்டும் சொன்னேன். குடம் அவள் அருகில்தான் இருந்தது.

எழுந்து சென்று தெருக்கதவைச் சாத்தினேன். பிறகு, “பானி தோ” என்றேன்.

கொடுத்தாள்.