ஆறு மணிக் கைநாட்டு

கட்டைவிரலில் மை வாசனை போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை மூடியால் தேய்த்தேன், ஊஹூம். சாப்பிட உட்கார்ந்தால் குழம்புக்கு முன்னால் அந்த எண்ணெய் நெடிதான் மூக்குக்கு வருகிறது. ஸ்டேஷன் ரைட்டராக, அதாவது லத்திக்குப் பதில் பேனா பிடிக்கிற போலீஸ்காரனாக, இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் விரலைப் பிடித்து அந்த மையில் அழுத்தியிருக்கிறேன். என் விரல் அதில் பட்டது இன்றுதான். அது ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களை வருடக்கணக்காக ‘டா’ போட்டே கூப்பிட்ட வாய் இது. இப்போது ‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. நீங்கள் யாரிடமும் எதையும் திருடியதில்லை. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் நிலக்கரி சுமந்து பிழைத்தீர்கள். ஆனால் நீங்கள் பிறந்த சாதி பட்டியலில் இருந்தது. ஆகவே தினமும் மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து நோட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் எண்ணூர் பக்கம்கூடப் போகக் கூடாது. அந்த நோட்டின் கட்டங்கள் எனக்கு மனப்பாடம். பெயர், வயது, அங்க அடையாளம், தந்தை பெயர். என்ன குற்றம் என்று கேட்கிற கட்டமே அதில் கிடையாது. தந்தை பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மற்றவர்கள் வேலை செய்த கோலத்தோடு ஓடி வருவார்கள். நீங்கள் மட்டும் குளித்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தீர்கள். முதல் நாளே என்னிடம் கை நீட்டினீர்கள்.

“எனக்கு எய்த தெரியும் ரைட்டரய்யா. பேனா குடு, கையெய்த்து போடறேன்.”

“ரூல் கைநாட்டுதான்டா” என்றேன்.

வைத்தீர்கள். போகும்போது விரலைக் கதவோரச் சுவரில் அழுத்தித் துடைத்தீர்கள். மறுநாளும் அதே இடத்தில். ஒரு மாதத்தில் அங்கே வடை அளவுக்குக் கறுப்பு. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சுண்ணாம்பு அடித்தோம். அன்று மாலை ஆறு மணிக்கே புதுச் சுவரில் முதல் பொட்டு விழுந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் குதி குதி என்று குதித்தார். யாருடைய வேலை என்று என்னைக் கேட்டார். தெரியாது ஐயா, இங்கே வருகிற எல்லோருக்கும் விரல் இருக்கிறது என்றேன். அத்தனை வருடத்தில் நான் உங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான்.

கெட்ட காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கு ராயபுரம் ஆஸ்பத்திரியில் பிரசவ வலி. ஒரே ஒரு மாலைக்கு மட்டும் வராமலிருக்கச் சீட்டு கேட்டுக் காலையில் வந்தீர்கள். இன்ஸ்பெக்டர் ஊரில் இல்லை, முடியாது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன சீட்டுகள் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தன. எடுக்கவில்லை. பயம்கூட இல்லை, சோம்பல். நீங்கள் அவளை அங்கேயே விட்டுவிட்டு ஆறு மணிக்கு வந்து நின்றீர்கள். நீங்கள் திரும்பி ஓடுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. மறுநாள் விரலை மையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

“புள்ள பொறந்துகீறான். அவன் பேரையும் இப்பவே எய்திக்கோ ரைட்டரய்யா. அப்பால மறந்துடப் போற.”

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த வார்த்தை இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

பிறகு சட்டம் போனது. ரத்து உத்தரவை ஸ்டேஷனில் உரக்கப் படித்துக் காட்டியவனே நான்தான். அன்று மாலை ஆறு அடித்தது, உங்களைக் காணோம். ஆறே கால் ஆனது. என்ன செய்தேன் தெரியுமா, தெரியும், உங்களுக்குத் தெரியாதா. பழக்கதோஷத்தில் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி உங்களைக் கூட்டிவரச் சொல்லிவிட்டேன். நீங்கள் பனியனும் லுங்கியுமாக வந்தீர்கள்.

“இன்னாத்துக்கு கூப்ட்டனுப்ச்ச?”

“ஆறு மணி ஆயிடுச்சே” என்றேன்.

“சட்டம் பூட்ச்சின்னு தெருத்தெருவா மேளம் அட்ச்சினு போறாங்கோ. உனுக்கு மட்டும் யாரும் சொல்லலியா?”

ஸ்டேஷனே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அத்தனை வருடமும் நின்றுகொண்டே இருந்த மனிதர், முதல் முறையாக பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். “வந்தது வந்துட்டேன். ஒரு டீ சொல்லு” என்றீர்கள். சொன்னேன்.

அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்கு எதிர் டீக்கடையில், ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தீர்கள். சாலையைக் கடந்து வந்து உங்கள் எதிரில் உட்கார எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நண்பர்கள் ஆனோம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ என்னவோ, நீங்கள் என்னை எழுப்பி விடவில்லை. ஒரு நாள் சொன்னீர்கள், “சட்டத்த மேல கீறவன் மாத்துவான் ரைட்டரே. நோட்டு உன் கையிலதான கீது?” நான் பேச்சை மாற்றினேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு முழுக்கக் கரியை அடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் மகன் இப்போது அதே பேசின் பிரிட்ஜில் எஞ்சின் பழுது பார்க்கிறான். கரி சுமக்கவில்லை. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறான்.

போன வாரம் ஸ்டேஷனுக்கு ஒரு புது நோட்டு வந்தது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான பதிவேடு. அதற்கென்று புதுச் சட்டம் வந்து வருடங்கள் ஆகின்றன. கோர்ட்டில் தண்டனை பெற்றவன் பெயர்தான் அதில் ஏற வேண்டும். புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. யார்டில் பித்தளைச் சாமான்கள் காணாமல் போகின்றன, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“பழைய நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுங்க. அப்பன் செத்திருந்தா மகன் பேரைப் போடுங்க” என்றார்.

பரணிலிருந்து இறக்கினேன். மூன்றாவது பக்கத்தில் நீங்கள். உங்களுக்குப் பதிலாக யாரை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதினால் அவன் வேலை போகும், ஆறு மணி மறுபடி பிறக்கும்.

“இதுல தீர்ப்பு விவரம்னு ஒரு கட்டம் இருக்குங்க ஐயா. எந்தக் கோர்ட்டு, எந்தத் தீர்ப்புன்னு எழுதட்டும்?”

“காலியா விடுங்க.”

“காலியா விட்டா இது பழைய நோட்டுங்க ஐயா.”

“எழுத முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்க.”

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று எனக்குத் தெரியாதா. வெள்ளைத்தாளில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை மேலதிகாரிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். காகிதம் மேலே போய்விட்டதால் இனி வேறு யார் கையும் அந்தக் கட்டத்தைச் சும்மா தாண்ட முடியாது. உங்கள் மகன் பெயர் இந்த நிமிடம்வரை அதில் இல்லை. இத்தனை வருடம் போலீசில் இருந்து நான் கற்ற வித்தை இது ஒன்றுதான், அதையாவது உங்களுக்குச் செலவழித்தேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாதாம். தினமும் மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இன்று முதல் நாள். குளித்தேன். வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டேன். போய் நின்று, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மைப்பெட்டியை நானே திறந்து கட்டைவிரலை அழுத்தினேன். கதவோரச் சுவரில் இப்போது ஒரு காலண்டர் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பார்த்தேன். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் உங்கள் கறுப்பு மங்கலாக உள்ளேயிருந்து தெரிகிறது. எல்லோரும் பார்க்க, அதன் மேல் விரலை வைத்துத் துடைத்தேன்.

காலண்டரைத் திரும்ப மாட்டவில்லை. நாளைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடிக்கட்டும், ஆறு மணிக்கு நான் போவேன்.