குளியலறை ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள்

அன்புள்ள கசுஹாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நான் செய்த முதல் வேலை, குளியலறை ஜன்னலுக்குப் பின்னால் ஈரமண்ணில் மல்லாந்து படுத்து ஒரு சிலந்தியின் அடிவயிற்றைப் படம் பிடித்தது. ஆகவே அம்மா நலமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள். அப்பா நலம், அவருடைய பதினான்கு சிலந்திகளும் நலம். பின்லாந்தில் நீயும் நலமாக இருப்பாய் என்றே நினைக்கிறோம், ஏனென்றால் நான் கைபேசியில் அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் தவறாமல் வந்துவிடுகிறது, விரல் நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாகத்தானே இருக்கும். காலையில் சிலந்தியைப் பார்த்தால் நல்ல சேதி வரும், கொல்லாதே என்று இங்கே சொல்வார்கள். நாற்பத்தொரு காலையாகப் பார்க்கிறேன், கட்டைவிரல்தான் வருகிறது.

மழை தொடங்கிவிட்டது, வரும் ஞாயிறு, கம்பில் இரண்டிரண்டாக ஏற்றி மோதவிடும் நம் ஊர்ச் சிலந்திச் சண்டை. உன் அறை இப்போது உன்னுடையது இல்லை. திரைச்சீலையில் ஆறு, புத்தக அலமாரியில் ஐந்து, உன் மேஜை விளக்கில் மூன்று என்று பொன்வரிச் சிலந்திகள் வலை பின்னிக் குடியிருக்கின்றன. கசுஹா திடீரென்று வந்து நின்றால் எங்கே படுப்பாள் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "அவ வர்றப்போ பாத்துக்கலாம், இவங்க ஜூன் வரைக்கும்தானே இருப்பாங்க" என்றார். தினமும் காலையில் ஒவ்வொன்றின் மேலும் பூவாளியால் தூவுவதுபோலத் தண்ணீர் தெளித்து, வண்டு பிடித்துக் கொடுத்து, "சாப்டியாம்மா, ராத்திரி நல்லா தூங்கினியா" என்று விசாரிக்கிறார். இருபத்துநான்கு வருடக் குடித்தனத்தில் எனக்கு இந்த விசாரிப்பு கிடைத்ததில்லை, நான் வலை பின்னக் கற்றுக்கொள்ளாதது என் தவறு.

நான் படம் பிடிப்பது மட்டும் அவருக்கு வேடிக்கை. வீட்டிலும் தோட்டத்திலும் இதுவரை அறுபத்துமூன்று வகைகளைப் படம் பிடித்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். "படம் புடிச்சா அது கம்புல ஏறிச் சண்டை போடுமா" என்பார். எதிர்வீட்டு சமெஜிமாவின் மனைவி ஓரியே, அவள் ஒருத்திதான் என்னை மதிக்கிறாள். போன வாரம் பதறிக்கொண்டு வந்து, "அக்கா, இது அந்த விஷச் சிலந்தியான்னு பாருங்க, சிவப்பா முதுகுல கோடு இருக்கு" என்று கைபேசியை நீட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தேன், சிவப்பு நூல் தொங்கும் கறுப்புப் பொத்தான். அவள் கணவருடைய கோட்டில் இருந்து விழுந்ததாம். என் துறையில் அதுவும் ஓர் அடையாளம் காணல்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா இதுவரை பதினோரு தடவை சமெஜிமாவிடம் தோற்றிருப்பது உனக்குத் தெரியும். இந்த மே மாதக் கடைசியில் மூன்று நாள் கடலோர மலையில் அலைந்து, கொசுக்கடியும் சிராய்ப்புமாக ஒரு சிலந்தியோடு வந்தார். சின்னதுதான், ஆனால் "இது குட்டி, இப்பவே இந்த மிடுக்குன்னா சண்டைக்குள்ள எவ்வளவு வளரும்னு நெனச்சுப் பாரு" என்றார். அன்று மாலையே சமெஜிமாவை அழைத்து சோச்சூ மது ஊற்றிக் கொடுத்து அதைக் காட்டினார். சமெஜிமாவோ, "அழகாத்தான் இருக்கு தகெஃபுமி, சண்டைக்கா, சட்டையில குத்திக்கவா" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. இந்த வருடமும் தோற்றால் இனி சண்டைப் பக்கமே வரமாட்டேன், இருக்கிற சிலந்தியையெல்லாம் ஆற்றங்கரையில் விட்டுவிடுவேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, ஜெயித்த பிறகு மாட்டிவைக்க ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், பெண் சிலந்தி முழுசாக வளர்ந்த பிறகு மட்டும் அடிவயிற்றில் தெரியும் கருத்த தடிப்பு தெளிவாகத் தெரிகிறது. பட்டைகளும் சரியில்லை. அது குட்டி இல்லை கசுஹா. பொன்வரியே இல்லை, புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கும் நடுத்தரப் பொன்வரி, சின்ன சாதி, வளர்ந்து முடித்துவிட்ட நடுவயதுக்காரி. சிலந்திக்குப் பெயர் சொல்லும் குழுவுக்கும் படத்தை அனுப்பினேன், ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். "ஆறு வயசுலேர்ந்து சிலந்தி பிடிக்கிறவன் நான், நீ மூணு வருஷமா புத்தகம் புரட்டறவ. வளரும், பாத்துக்கிட்டே இரு" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வண்டு வண்டாகத் தின்கிறது, வயிறு உப்புகிறது, கால் அப்படியே இருக்கிறது.

தோற்கட்டும், தொல்லை விட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு நீ புறப்பட்டுப் போன வருடம் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வருடம் அவர் சிலந்தி பிடிக்கப் போகவில்லை. வேலை விட்டு வந்து, அணைத்து வைத்த தொலைக்காட்சியின் முன்னால் கை கட்டி உட்கார்ந்திருப்பார், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். சிலந்தியோடு பேசும் கணவனைக் கேலி செய்து வாழ்ந்துவிடலாம், அந்த ஒன்றுமில்லையோடு வாழ முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த மே மாதம் அவர் மறுபடி மலைக்குக் கிளம்பியபோது சோற்றுருண்டை கட்டிக் கொடுத்தவளும் நான்தான்.

குளியலறை ஜன்னலுக்குப் பின்னால் நான் தினமும் படம் பிடிப்பது அசல் பொன்வரி. எட்டுக் காலும் குறையில்லாமல், உன் அப்பாவுடையதைவிட ஒன்றரை மடங்கு. நாற்பத்தொரு நாளாக அங்கேயே இருக்கிறாள். மலை மலையாகத் தேடுகிறவர் தன் வீட்டுச் சுவரின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. சண்டையில் கலந்துகொள்ளப் பெயர் கொடுக்கும் படிவத்தை எனக்கென்றே ஒன்று வாங்கி நிரப்பியும் பார்த்தேன். ஆனால் நான் ஜெயித்தால் அவர் சமெஜிமாவிடம் தோற்றதோடு என்னிடமும் தோற்றவர் ஆகிவிடுவார், அதைச் சமாளிக்க எனக்கு வயதில்லை.

அதனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன். சனிக்கிழமை அவர் குளிக்கும்போது இரண்டையும் மாற்றிவிடப்போகிறேன். இவள் உன் மேஜை விளக்கில் அதன் இடத்தில், அந்த நடுவயதுக்காரி நிம்மதியாக ஜன்னலுக்குப் பின்னால். கண்டுபிடித்துவிடுவாரே என்று கவலைப்படாதே. போன மாதம் நான் கூந்தலைக் காதுவரை வெட்டிக்கொண்டேன், நான்காம் நாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, மீனில் உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டவர் அவர். ஞாயிறு காலை எழுந்து பார்த்து, "வளரும்னு சொன்னேன்ல" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமே என்பதுதான் என் ஒரே பயம். அவள் கம்பில் ஏறி ஜெயிப்பாளா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் சண்டை முடிந்ததும் ஜன்னலுக்கே திரும்பி வருவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிர் விட்டுவிட்டதென்று காலுறை இல்லாமல் திரியாதே. உன் அறை மூலையில் சிலந்தி இருந்தால் துடைப்பத்தை எடுக்காதே, படம் எடுத்து அனுப்பு, பெயர் சொல்கிறேன். உடம்பும் மனமும் உறுதியாக, நீ போன காரியம் நல்லபடியாக முடிய அம்மாவின் ஆசீர்வாதம். கூடவே ஓர் ஒட்டிய உறை வைத்திருக்கிறேன், அதில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவளின் நாற்பத்தொரு படங்கள், தேதியோடு. பத்திரமாக வை. படம் பிடித்து என்ன பிரயோசனம் என்று உன் அப்பா அடுத்த முறை கேட்கும் அன்று திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
சிசுரு