பழைய துணி இல்லாத வீடு

லோதி ரோடு, டில்லி
ஜனவரி 1996

அன்புள்ள அம்மாவுக்குக் கோமதி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? இங்கே மூவரும் சுகம்.

நீ கொடுத்தனுப்பிய வேட்டித் துண்டெல்லாம் நைந்துவிட்டதால், புதுக் காடாத்துணி வாங்கிப் பாப்பாவுக்கு நாப்பி தைத்தேன். எத்தனை அலசியும் கஞ்சி போகவில்லை, தொடை சிவந்துவிட்டது. பயப்படாதே, தேங்காயெண்ணெய் தடவி ஆறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பழைய துணியே இல்லையா, மகளே?" என்று இந்தியில் கேட்டாள். பீரோ முழுக்கத் தேடினேன். இந்த வீட்டில் எல்லாமே புதுசு, அம்மா.

அவர் ஆபீசிலிருந்து வர இருட்டிவிடுகிறது. அதுவரை தையல் மெஷின்தான் பேச்சுத்துணை.

யாராவது டில்லி வந்தால் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கொடுத்தனுப்பு. பாப்பா விழித்துவிட்டாள், நிறுத்துகிறேன். நீ கட்டிப் பழசான சேலை ஒன்றும் சேர்த்து வை. அதை வெட்டமாட்டேன்.

கோமதி