பயிற்சியாளர் கொடுத்த தண்ணீர்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரை விற்கும் பயிற்சியில் நேற்று கடைசித் தேர்வு. பயிற்சியாளர் டாக்டராக நடித்து, "இது யாருக்கும்மா தேவைப்படும்?" என்று கேட்டார்.

"இதயம் மெதுவா துடிச்சு, அடிக்கடி தலைசுத்துறவங்களுக்கு சார். எங்க அப்பா மாதிரி" என்று உளறிவிட்டேன். பயிற்சியாளர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தேன். பாஸாகிவிட்டேன், கவலைப்படாதே.

கடைசி மாதங்களில் அப்பா தலைசுற்றுகிறது என்றபோதெல்லாம் பித்தம் என்று சொல்லி வேலைக்கு அனுப்பியவள் நான்தானே அம்மா.

வேலைக்கான ஆர்டர் வாங்கக் கிளம்புகிறேன், வண்டி வந்துவிட்டது. நீ இந்த வாரமே ஓர் ஈசிஜி எடுத்து அனுப்பு. எனக்கு இப்போது அதைப் பார்க்கத் தெரியும்.

உன் மகள்