உறங்கும் தொட்டிகளுக்குக் கழுநீர்

நாள் 301 / காலை 7.10
பசுங்குடில் வெப்பம் நான்கு டிகிரி. கொதிகலன் அழுத்தம் சரி. நிலையம் முழுவதற்கும் சூடு இங்கிருந்துதான் போகிறது.
ஆர்க்கிட்கள் குளிர் உறக்கத்தில் இருக்கின்றன. செவ்வாயின் வடமுனையில், பனிக்கடியில் தோண்டியெடுத்த கூழாங்கல்லைத் தொட்டிகளில் நிரப்பி நட்டிருக்கிறோம். இலை உதிர்ந்து, குமிழ் சுருங்கி, செத்ததைப் போலத் தெரியும். சாகவில்லை. இப்போது ஒரு சொட்டு நீர் கூடாது. குளிர் முடிந்துதான் மொட்டு வரும். முதல் பூவைப் பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்கிறாள் மருத்துவர் ஹமீதா அக்கா. அவளும் சமையல்காரர் தேவசகாயம் அண்ணனும் நானும்தான் இங்கே.

நாள் 304 / காலை 7.25
மூன்றாம் வரிசையில் புளித்த நாற்றம். கல் மேல் சாம்பல் நிறச் சளி. ஒரு குமிழைத் தொட்டேன். விரலுக்குள் கூழாகப் பிதுங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. வாளியில் வாந்தி எடுத்தேன்.
இன்டர்காமில் பேச எனக்கு வராது. யார் நீர் விட்டது என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.
சமையலறை: "நான்தான் மக்ளே. அரிசி கழுவுன தண்ணி. வாடிக் கெடக்குத பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்க?"
மருத்துவ அறை: "கோச்சுக்காதே சிந்தா. நானும் கொஞ்சம் கஞ்சித் தண்ணி ஊத்தினேன்."
சமையலறை: "ஆஹா, டாக்டரம்மாவும் கூட்டுக் களவாணியா!"
'இனி வேண்டாம்' என்று அனுப்பினேன்.
சமையலறை: "பாத்தியளா, வாயைத் தொறக்க மாட்டா. எழுதியே திட்டுவா."

நாள் 306 / மாலை 5.40
இது அழுகல் அல்ல. கல்லுக்குள் உறங்கிய ஏதோ ஒன்று கஞ்சி குடித்து விழித்திருக்கிறது. நான் அந்த வாந்தி வாளியை நகர்த்தினால் சளியும் அந்தப் பக்கம் நகர்கிறது.
அண்ணன் சுரண்ட உதவினார். கையுறை கிழிந்தது. கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அதே ஏப்ரனோடு போய் உப்புமா கிண்டினார். அக்கா சாப்பிட்டாள். நான் பிஸ்கட் தின்றேன்.

நாள் 309 / காலை 8.00
அண்ணன் கழுநீரைப் பாத்திரத்தோடு குடிக்கிறார். பல் இடுக்கெல்லாம் சாம்பல்.
மருத்துவ அறை: "சிந்தா, வயித்துல என்னமோ ஊருது. எனக்கும் அதே தாகம். நீ உள்ளே பூட்டிக்கோ. நானே வந்து கேட்டாலும் தொறக்காதே."
பசுங்குடில் கதவை உள்ளிருந்து பூட்டினேன்.

நாள் 310 / பகல் 2.15
கதவுக் கண்ணாடியின் ஈரத்தை அக்கா நக்குகிறாள். நாக்கில் சளி நூல் நூலாக இழுபடுகிறது. என்மேல் அவ்வளவு பிரியம் வைத்தவள். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. அப்படி இருக்கிறதே என்று என்மேலும் அருவருப்பு.
இன்டர்காமில் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்: "கழுநீர் இருக்கா? ஒரு மடக்கு."

நாள் 311 / காலை 9.30
சரக்கு கொண்டுவரும் விண்கப்பலிலிருந்து: "வடமுனை, நாளைக்கு இறங்குறோம். தேவசகாயம் கேட்ட அரிசி மூட்டை வருதுன்னு சொல்லுங்க. ஏன் யாரும் பேச மாட்டேங்குறீங்க?"
கப்பலுக்குப் பதில் அனுப்பும் கருவி அக்காவின் அறையில் இருக்கிறது. எனக்குக் கேட்க மட்டும்தான் முடியும்.
கொதிகலன் கைப்பிடி என் பக்கம். அதை மூடி நிலையம் உறைந்தால் இந்தச் சளி திரும்பவும் உறங்கும். நாங்களும் உறைந்துபோவோம்.
கதவருகே போனேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்: "மன்னிச்சிடுக்கா." அவள் கண்ணாடியை நக்கிக்கொண்டே இருந்தாள்.
கைப்பிடியை மூடிவிட்டேன்.

நாள் 311 / மாலை
கதவுக்கு அப்பால் சத்தம் நின்றுவிட்டது. கழுநீர் படாத ஒரே ஒரு தொட்டியில் பச்சை முனை தெரிகிறது. அக்கா பார்க்கவில்லை.
விரல் மடங்கவில்லை. நகத்தடியில் சாம்பல். வாயெல்லாம் புளிப்பு. அந்த வாந்தி வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீ.
வருகிறவர்களுக்கு. நாங்கள் செத்ததைப் போலத் தெரிவோம். நம்பாதீர்கள். கொதிகலனைத் திறக்காதீர்கள். ஐயோ பாவம், வாடிக் கிடக்கிறார்களே என்று தண்ணீர் மட்டும்